பயத்துக்கு நாள் குறித்தவர்கள்

ஆறு நாள் கல் உடைத்து, கலவை போட்டு, சுவர் எழுப்ப வேண்டும். ஏழாம் நாள் இரவு அந்தச் சுவரை இடிக்க ஜாம்பிக் கூட்டம் வரும். ‘செவன் டேஸ் டு டை’ போன்ற கேம்களில் இத்தனை பேர் ராத்தூக்கம் கெட்டு உழைப்பது எதற்காக?

பேய்ப் படம் எடுப்பவர்களுக்கு ஓர் எழுதப்படாத விதி உண்டு. பேய் எப்போது வரும் என்று பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது. கதவு கிறீச்சிடும், விளக்கு அணையும், திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். நாம் மூச்சு விடும் நேரம் பார்த்து அது வரும்.

‘செவன் டேஸ் டு டை’ கேம் இந்த விதியைத் தொடக்கத்திலேயே தூக்கி எறிந்துவிடுகிறது. ஏழாம் நாள் இரவு 10 மணிக்கு வருவார்கள். கூட்டமாக வருவார்கள், ஓடி வருவார்கள், எங்கே பதுங்கினாலும் தேடி வருவார்கள். விடியற்காலை 4 மணி வரை ஓய மாட்டார்கள். பிறகு 14-ஆம் நாள், 21-ஆம் நாள் என்று வாரந்தோறும் இதே கதை. திரையில் நாள் எண் எப்போதும் தெரியும். அந்த நாள் வந்ததும் எண் சிவப்பாக மாறிவிடும்.

தேதி, நேரம் எல்லாம் சொல்லிவிட்டு வருகிற ஒன்று எப்படிப் பயமுறுத்தும்? முகூர்த்தம் குறித்த கல்யாண வீட்டைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாது. நாள் தெரியாதவரை யாருக்கும் அவசரமில்லை. நாள் தெரிந்த பிறகு யாருக்கும் தூக்கமில்லை.

பயத்துக்கு நாள் குறித்தால் அது வேலையாகிவிடுகிறது. உலகம் அழிந்த பின் உயிர் பிழைக்கும் கதையையும் வீடு கட்டும் விளையாட்டையும் ஒன்றாக்கிய கேம்களின் சூட்சுமம் இதுதான். அவற்றின் தலைவலியும் இதுதான். வேலையை நன்றாகச் செய்து முடித்தவனுக்குப் பயம் போய்விடும். பயம் போன பிறகு ஹாரர் கேமில் என்ன மிச்சம்?

ஆறு நாள் கூலி வேலை

கதை நடக்கும் இடம் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ளதாகச் சொல்லப்படும் நவிஸ்கேன் என்ற கற்பனைப் பகுதி. மூன்றாம் உலகப் போரில் அணுகுண்டுகள் விழுந்து எல்லாம் முடிந்துபோன காலம். இறந்தவர்கள் எழுந்து நடமாடுகிறார்கள். அந்த வட்டாரத்தை ஆளும் ‘டியூக்’ என்பவன் எழுதிய ஒரு கடிதத்தோடும், ஒருவேளைக்குப் போதுமான தண்ணீரோடும் உணவோடும் நீங்கள் நடுக்காட்டில் கிடக்கிறீர்கள்.

புல்லைப் பறித்து நார் எடுக்க வேண்டும். நாரையும் கல்லையும் குச்சியையும் சேர்த்துக் கோடரி செய்ய வேண்டும். கோடரியால் மரம் வெட்ட வேண்டும். மரத்தில் சட்டம் செய்து, சட்டத்தைப் பலகைச் சுவராக்கி, அதன்மேல் கல் வைத்து, கல்லைக் கான்கிரீட் ஆக்கி, கான்கிரீட்டை எஃகாக்க வேண்டும். மரக்கட்டை ஒன்று 500 புள்ளி சேதம் தாங்கும் என்றால் கல் 1,500, கான்கிரீட் 5,000, எஃகு 10,000 என்று கணக்கு போகும். ஒவ்வொரு படிக்கும் மூலப்பொருள் வேறு. கல்லை உலையில் இட்டுச் சிமென்ட் எடுத்து, மணலும் ஜல்லியும் சேர்த்து மிக்ஸரில் கலவை போட வேண்டும். மணலுக்குப் பாலைவனம், இரும்புக்குச் சுரங்கம், உலைக்குத் தேவையான உதிரிகளுக்குப் பாழடைந்த கடைகள் என்று பகல் முழுக்க அலைச்சல்.

சுவர் எழுப்பினால் மட்டும் போதாது, பாரமும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கட்டைக்கும் எடை உண்டு. பக்கவாட்டில் எவ்வளவு தாங்கும் என்ற வரம்பும் உண்டு. தூண் இல்லாமல் தளத்தை நீட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மொத்தமும் மடமடவென்று சரியும். மாடியில் நின்று கடைசிக் கட்டையை வைத்த மறுநொடி, வீட்டோடு சேர்ந்து தாமும் தரைக்கு வந்த அனுபவம் இந்த கேம் ஆடிய பலருக்கும் உண்டு. அஸ்திவாரத்தின் அருமை புரிய சிவில் இன்ஜினீயரிங் படிக்க வேண்டியதில்லை. இரண்டு முறை வீடு இடிந்தால் போதும்.

இன்னொரு நுணுக்கம், ‘ஹீட்’ என்று ஆட்டக்காரர்கள் சொல்லும் கணக்கு. அடுப்பு மூட்டினால், உலை எரித்தால், விளக்கு ஏற்றினால் அந்த இடத்தின் சூடு ஏறும். அளவு தாண்டினால் ‘ஸ்க்ரீமர்’ என்று ஒருத்தி மோப்பம் பிடித்து வருவாள். அவள் வேலை கத்துவதுதான். அந்தக் கத்தலுக்கு ஊரே திரண்டு வரும். அதாவது நீங்கள் எவ்வளவு வசதியாக வாழ்கிறீர்களோ அவ்வளவு கண்ணில் படுகிறீர்கள். ஆளில்லாக் காட்டில் குளிர்ந்த சோறு தின்பவனுக்குத் தொல்லை குறைவு. நான்கு உலை வைத்துத் தொழிற்சாலை நடத்துபவன் வாசலில் எப்போதும் கூட்டம்தான்.

இரவு வந்தால் சாதாரண நாளிலேயே நடை ஓட்டமாகும். பகலில் தள்ளாடி நடந்த அதே ஜாம்பி இரவில் பாய்ந்து வரும். பொருள் வாங்க விற்க ஆங்காங்கே வியாபாரிகள் உண்டு. அவர்களில் ரெக்ட் என்பவரின் வாய்த்துடுக்கு ஆட்டக்காரர்களிடையே பிரசித்தம். இருட்டும் நேரம் வந்தால் எவ்வளவு பெரிய வாடிக்கையாளர் ஆனாலும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார். வேறு ஒருவர் வீட்டில் ஒண்டிக்கொள்ள இந்த கேம் இடம் தருவதில்லை. உன் வீட்டை நீதான் கட்ட வேண்டும்.

இரவு 10 மணி

சாதாரண அமைப்பில் கேமின் ஒரு நாள் என்பது நம் கடிகாரத்தில் ஒரு மணி நேரம். முதல் நாள் காலையிலிருந்து ஏழாம் நாள் இரவு வரை கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ ஆறரை மணி நேர உழைப்பு. கூட்டம் வந்து தாக்கும் நேரம் 15 நிமிடம்தான். ‘ஹோர்ட் நைட்’ என்று ஆட்டக்காரர்கள் சொல்லும் அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் அத்தனை உழைப்பும்.

நாங்கள் நால்வர் சேர்ந்து ஆடும்போது வேலை தானாகவே பிரிந்துவிடும். ஒருவன் சுரங்கத்தை விட்டு வெளியே வர மாட்டான். ஒருவன் கடை கடையாக ஏறி லூட் அடிப்பான். ஒருவனுக்குத் தோட்டமும் சமையலும். சுவர் என் பொறுப்பு. ஏழாம் நாள் மாலை வானம் சிவக்கத் தொடங்கினால் ஹெட்போனில் பேச்சின் தொனி மாறும்.

“மச்சான், கிழக்குப் பக்கம் முள்ளு வெச்சியா?”

“வெச்சாச்சுடா. நீ மொதல்ல மேல வா, மணி ஒன்பதே முக்கால் ஆச்சு.”

“அம்பு எத்தன இருக்கு?”

“அம்ப விடு. கம்பிக் கதவு ரிப்பேர் பண்ண இரும்பு எவன்கிட்ட இருக்கு, அதச் சொல்லு.”

பத்து அடித்ததும் இடி முழங்கும். முதலில் தூரத்தில் நான்கைந்து உருவங்கள். சுவரைச் சுற்றி நட்ட மர முட்களில் அவை சிக்கிக் கிழியும் சத்தம் கேட்கும். அடுத்த அலையில் ஆள் கூடும். தரையில் வருபவை கதவை அடிக்கும், சிலந்தி போல ஏறுபவை சுவரில் தாவும், கழுகுகள் மேலிருந்து கொத்தும். தொப்பை பெருத்த போலீஸ்கார ஜாம்பி ஒன்று தள்ளி நின்று அமிலத்தைக் கக்கும். அடிபட்டால் ஓடி வந்து வெடிக்கும். கம்பி இடுக்கு வழியாக ஈட்டியால் குத்திக்கொண்டே, இடையிடையே சுத்தியலை எடுத்து உடைந்த கட்டையைச் சரிசெய்ய வேண்டும். இந்த இடத்தில் இந்த கேம் மற்ற சண்டை கேம்களிலிருந்து விலகுகிறது. துப்பாக்கியை விடப் பழுதுபார்க்கும் சுத்தியல்தான் அதிகம் உயிர் காக்கும். எத்தனை ஜாம்பியைச் சுட்டோம் என்பதை விட, எந்தக் கட்டை விரிசல் விட்டிருக்கிறது என்பதில்தான் கண் இருக்கும்.

நான்கு மணிக்குச் சட்டென்று எல்லாம் அடங்கும். கீழே இறங்கி, விழுந்த சுவரை எண்ணி, மிச்சமிருக்கும் சிமென்ட்டைக் கணக்குப் போட்டு, எட்டாம் நாள் வேலைக்குக் கிளம்ப வேண்டும். அடுத்த கூட்டம் இன்னும் வலுவாக வரும். ஆட்டக்காரர் எவ்வளவு தேறியிருக்கிறார் என்று பார்த்துத்தான் கேம் ஆள் அனுப்புகிறது.

கரும்பாலையிலிருந்து வந்தவன்

இவ்வளவு கூலி வேலை செய்யவைக்கும் கேமில் எதிரி ஜாம்பியாக இருப்பதில் ஒரு வரலாற்று வேடிக்கை உண்டு. ஜாம்பியின் பிறப்பிடம் கரீபியன் தீவு நாடான ஹைட்டி. பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் சாகும்வரை உழைத்த மண் அது. செத்த பிறகும் ஒருவன் மந்திரத்துக்குக் கட்டுப்பட்டு ஓய்வில்லாமல் வேலை செய்வான் என்ற நம்பிக்கை அங்கே வேரூன்றியது. அங்கே மக்கள் ஜாம்பியைக் கண்டு பயந்ததை விட, தாங்களே ஜாம்பியாகிவிடுவோமோ என்றுதான் அதிகம் பயந்தார்கள். 1932-இல் வந்த ‘ஒயிட் ஜாம்பி’ படத்தில்கூட ஜாம்பிகள் யாரையும் கடிப்பதில்லை. கரும்பாலையில் பேச்சுமூச்சின்றிச் செக்கு சுற்றுகிறார்கள்.

கடிக்கும் ஜாம்பியும் பலகை அடித்த வீடும் பின்னால் வந்தவை. ரிச்சர்ட் மாத்திசன் 1954-இல் எழுதிய ‘ஐ ஆம் லெஜண்ட்’ நாவலில் தனி மனிதன் ஒருவன் பகலில் ஊரைச் சுற்றிப் பொருள் சேர்க்கிறான், ஜன்னல்களைச் செப்பனிடுகிறான். இரவில் ரத்தக்காட்டேரிகள் வீட்டைச் சூழ்ந்துகொள்கின்றன. பகலில் சேகரிப்பு, இரவில் முற்றுகை என்ற தாளம் அங்கேயே முழுமையாக இருக்கிறது. அதன் பாதிப்பில் ஜார்ஜ் ரொமேரோ 1968-இல் எடுத்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்தில் ஒரு பண்ணை வீட்டில் 7 பேர் மாட்டிக்கொள்கிறார்கள். படத்தின் முக்கியமான சண்டை ஜாம்பிகளோடு நடப்பதில்லை. நிலவறையில் பூட்டிக்கொள்வதா, மேல்தளத்தில் பலகை அடித்து நிற்பதா என்று உள்ளே இருப்பவர்களே மோதிக்கொள்கிறார்கள். மேல்தளம்தான் சரி என்று வாதாடிய நாயகன் பென், கடைசியில் தான் எதிர்த்த அதே நிலவறையில் ஒளிந்துதான் இரவைக் கடக்கிறான். ‘பேஸ்’ எனும் தற்காப்பு வீட்டை எங்கே கட்டுவது என்ற இன்றைய ஆட்டக்காரர்களின் சச்சரவுக்கு மூலம் அந்த வாக்குவாதம்.

தமிழுக்கு ஜெயம் ரவியின் ‘மிருதன்’ (2016) மூலம் வந்து சேர்ந்ததும் கடிக்கும், தொற்றும் ஜாம்பிதான். உழைக்கும் ஜாம்பி எங்கே போனான்? கேமுக்குள் வந்து பார்த்தால் விடை கிடைக்கும். விடிந்தது முதல் கல் உடைப்பதும் மண் சுமப்பதும் இப்போது உயிரோடிருப்பவன் பாடு. செத்தவர்கள் வாரம் ஒருமுறை வந்து வேலையைப் பார்வையிட்டுவிட்டுப் போகிறார்கள்.

பத்தாண்டு மல்லுக்கட்டு

ரிச்சர்ட், ஜோயல் ஹியூனிங்க் என்ற சகோதரர்கள் தொடங்கிய ‘தி ஃபன் பிம்ப்ஸ்’ என்ற அமெரிக்க நிறுவனம், ‘செவன் டேஸ் டு டை’ கேமுக்காக 2013-இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் மக்களிடம் நிதி கேட்டது. கேட்டது 2 லட்சம் டாலர், வந்தது 5 லட்சத்துக்கும் மேல். அந்த ஆண்டு டிசம்பரில் ஸ்டீம் தளத்தில் ‘ஏர்லி ஆக்சஸ்’ முறையில் கேம் விற்பனைக்கு வந்தது. ஏர்லி ஆக்சஸ் என்றால், அரைகுறையாக இருக்கும்போதே வாங்கி ஆடலாம். ஆட ஆட அவர்கள் கட்டி முடிப்பார்கள். ஓரிரு ஆண்டில் முடியும் என்று வாங்கியவர்கள் நினைத்திருப்பார்கள். ‘1.0’ என்ற முத்திரையோடு முழுமையான பதிப்பு வெளிவந்தது 2024 ஜூலையில். இடையில் 2016-இல் கன்சோல்களுக்கு வந்த பதிப்பு, வெளியீட்டாளரான டெல்டேல் 2018-இல் நொடித்துப்போனதும் கிடப்பில் விழுந்தது.

இத்தனை காலம் ஏன்? பதில் பலவாக இருக்கலாம். ஆனால் அந்தப் பத்தாண்டுகளின் மாற்றங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு மல்லுக்கட்டு தெளிவாகத் தெரியும். கட்டுபவர்கள் பயத்தைப் போக்க வழி கண்டுபிடிப்பார்கள். கேமைச் செய்பவர்கள் அந்த வழியை அடைப்பார்கள்.

முந்தைய பதிப்புகளில் எதைச் செய்கிறோமோ அதில் தேர்ச்சி கூடும். உடனே ஆட்டக்காரர்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்து தேவையே இல்லாமல் கல் கோடரிகளாகச் செய்து குவித்தார்கள். தேர்ச்சி மளமளவென்று ஏறியது. நிறுவனம் அந்த முறையையே எடுத்துவிட்டது. 2023-இல் வந்த ஆல்பா 21 பதிப்பில் காலிக் கண்ணாடிக் குடுவைகள் காணாமல் போயின. அதுவரை ஏரியில் குடுவையை முக்கித் தண்ணீர் எடுத்து, காய்ச்சிக் குடித்தால் தாகப் பிரச்சினை முதல் நாளிலேயே தீர்ந்துவிடும். குடுவை போனதும் பனிநீர் சேகரிக்கும் கருவி செய்து காத்திருக்க வேண்டியதாயிற்று. கண் முன்னே ஏரி இருக்கத் தாகத்தில் சாவதா என்று ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். தாகம் தீர்ந்துவிட்டால் பயத்தில் பாதி போய்விடுகிறதே என்பது மறுபக்க நியாயம்.

பெரிய மோதல் சுவரில்தான். 2018 இறுதியில் வந்த ஆல்பா 17, ஜாம்பிகளுக்குப் புத்தி கொடுத்தது. கண்ட சுவரில் முட்டாமல், உள்ளே இருப்பவரை அடைய எந்த வழியில் தடை மிகக் குறைவு என்று கணக்குப் போட்டு அந்த வழியில் வரத் தொடங்கின. நிலத்தடியில் பதுங்கியவர்களைத் தோண்டி எடுத்தன. நாற்புறமும் பூசிய கோட்டைகள் விழுந்தன.

ஆட்டக்காரர்கள் அசரவில்லை. குறைந்த தடையைத் தேடித்தான் வரும் என்றால், அந்தக் குறைந்த தடை எது என்பதை நாமே தீர்மானிக்கலாமே! சுவர் முழுவதும் எஃகு. ஒரே இடத்தில் மட்டும் திறந்த வாசல். அதற்கு ஒற்றையடிப் பாலம். பாலத்தின் முடிவில் கம்பிக்குப் பின்னால் ஈட்டியோடு நாம். நூறு ஜாம்பி வந்தாலும் வரிசையில் நின்று ஒவ்வொன்றாகத்தான் வர முடியும். எதிரிக்குக் கதவைத் திறந்து வைப்பதுதான் மிகச் சிறந்த பாதுகாப்பு என்பது கேமின் மிகப் பெரிய பாடமாயிற்று. சிலர் இன்னும் மேலே போனார்கள். படியேறி வந்து ஓரிடத்தில் தாண்டும்போது கீழே விழும்படி பாதை அமைத்தார்கள். விழுந்தவை எழுந்து மறுபடி படியேறும், மறுபடி விழும். விடியும் வரை இதே வேலை. கரும்பாலை ஜாம்பி திரும்பி வந்துவிட்டான்!

நிறுவனம் அதற்கும் மருந்து வைத்தது. விழுந்த ஜாம்பிகள் கோபமேறிப் பக்கத்தில் இருக்கும் தூணையெல்லாம் உடைக்கத் தொடங்கின. மார்பில் வெடிகுண்டைக் கட்டிய ‘டெமாலிஷர்’ வந்தான். அந்தக் குண்டின் விளக்கில் அடி பட்டால் கான்கிரீட்டே பெயர்ந்துபோகும். ஆட்டக்காரர்கள் மறுபடி வரைபடத்தை எடுத்தார்கள்.

இந்தப் போட்டியில் பிறந்த ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கூட்டம் வீட்டைத் தேடி வருவதில்லை, ஆளைத் தேடித்தான் வருகிறது. அதனால் அனுபவசாலிகள் இரண்டு வீடு கட்டுவார்கள். ஒன்று உலை, தோட்டம், பெட்டிகள், படுக்கை எல்லாம் உள்ள வாழும் வீடு. இன்னொன்று சற்றுத் தள்ளி, அடிவாங்குவதற்கென்றே கட்டிய வீடு. ஏழாம் நாள் மாலை அங்கே போய் நின்றுகொள்வார்கள். இடிவதற்கென்றே ஒரு வீட்டைக் கட்டி, வாரம் தவறாமல் அதைச் செப்பனிடும்போது பயம் முழுக்க நிர்வாகமாகியிருக்கும்.

நாள் குறிக்காத ஊர்

பயம் வேலையாவதைத் தடுக்க இன்னொரு வழி உண்டு: நாளைச் சொல்லாமல் விடுவது. பிரிட்டனின் ‘தி இண்டி ஸ்டோன்’ குழு 2011 முதல் உருவாக்கிவரும் ‘ப்ராஜெக்ட் ஜாம்பாய்ட்’ அந்த வழியில் போகிறது. அந்தக் குழுவுக்கே ஓர் எதிர்பாராத இரவு வாய்த்தது. 2011-இல் வீடு புகுந்த திருடர்கள் லேப்டாப்களைத் தூக்கிச் செல்ல, எழுதி வைத்திருந்த புதிய பதிப்பின் நிரல் அவற்றோடு போய்விட்டது. விட்ட இடத்திலிருந்து மறுபடி எழுதினார்கள்.

கதைக்களம் அமெரிக்காவின் கென்டக்கி, 1993 ஜூலை. மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் எளிய ஓவியம். பயமுறுத்தும் முகங்கள் எதுவும் இல்லை. ஆட்டம் தொடங்கும்போதே நீ எப்படிச் செத்தாய் என்பதுதான் இந்தக் கதை என்று திரை சொல்லிவிடும். முடிவு உறுதி, தேதிதான் தெரியாது. ஜாம்பி கடித்தால் பிழைக்க வழியில்லை. மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் முதல் ஒரு மாதத்துக்குள் என்றாவது ஒருநாள் நிற்கும். நாளைக்கா, மூன்று வாரம் கழித்தா, யாருக்கும் தெரியாது. முதல் சில நாட்கள் தொலைக்காட்சியில் தச்சு வேலை கற்றுத்தரும் நிகழ்ச்சி ஓடும். அதைப் பார்க்க வீட்டில் உட்கார்ந்தால் தொழில் வரும், ஆனால் கடைகளில் பொருள் தேட வேண்டிய பகல் போய்விடும். எந்த நாளோ ஒரு ஹெலிகாப்டர் தலைக்கு மேல் வட்டமடிக்கும். அந்தச் சத்தத்துக்கு ஊர் ஜாம்பியெல்லாம் உங்களை நோக்கித் திரும்பும்.

இங்கே வீடு கட்டுவது வேறு மாதிரி. இருக்கும் வீட்டை மறைப்பதுதான் கட்டுமானம். முதல் வேலை ஜன்னலுக்குப் படுக்கை விரிப்பைத் தொங்கவிடுவது. பார்வையில் பட்டால்தான் ஆபத்து என்பதால் ஒரு துணித்திரை பத்து சுவருக்குச் சமம். அதன் பிறகுதான் சுத்தியல், ஆணி, பலகை. அனுபவசாலிகள் படிக்கட்டையே உடைத்துவிட்டு, விரிப்புகளை முடிந்து செய்த கயிற்றில் மாடிக்கு ஏறி இறங்குவார்கள். மழைநீரைப் பீப்பாயில் பிடித்துக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். ஜெனரேட்டரை இயக்க, அதற்கான கையேட்டை முதலில் எங்காவது தேடிப் படித்திருக்க வேண்டும். அதை வீட்டுக்குள் வைத்து ஓட்டினால் புகையிலேயே சாவு.

இந்த கேமில் ஜாம்பியை விடச் சோம்பல்தான் அதிகம் பேரைக் கொல்கிறது. உடைந்த ஜன்னலின் கண்ணாடிச் சில்லை அகற்றாமல் ஏறிக் குதித்து, கை கிழிந்து ரத்தம் வழிய நிற்பது, அடுப்பில் எதையோ வைத்துவிட்டுத் தூங்கி வீட்டையே எரிப்பது, பாரம் மிஞ்சிய பையோடு ஓடி மூச்சு வாங்கி விழுவது. பல வாரம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த வீட்டை விட்டு, ஒரு டப்பா ஆணிக்காக வெளியே போய்த் திரும்பாதவர்கள் ஏராளம். பயம் இங்கே வேலையாக மாறுவதில்லை. வேலை பழக்கமாகி, பழக்கம் அசட்டையாகும்போது பயம் திரும்பி வருகிறது.

கதவைத் தட்டும் மனிதர்கள்

மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தவர்கள் போலந்தின் வார்சா நகரத்தில் இருக்கும் ‘11 பிட் ஸ்டூடியோஸ்’. 2014-இல் வந்த ‘திஸ் வார் ஆஃப் மைன்’ கேமில் ஜாம்பியே கிடையாது. போஸ்னியாவின் சரயேவோ நகரம் 1992 முதல் 1996 வரை முற்றுகையில் கிடந்த வரலாற்றை மனதில் வைத்து உருவாக்கிய கற்பனை நகரம். உள்ளே இருப்பவர்கள் போர் வீரர்கள் அல்லர். சமையல்காரர், பத்திரிகையாளர், கால்பந்து ஆடியவர் என்று சாதாரணப் பொதுமக்கள்.

இங்கே இரவும் பகலும் தலைகீழ். பகலில் வெளியே தலை காட்டினால் ஸ்னைப்பர் சுடுவான்; அதனால் பகலில் வீட்டுக்குள் அடுப்பு, கட்டில், மழைநீர் வடிகட்டி, எலிப்பொறி என்று செய்துகொண்டிருக்க வேண்டும். இரவில் ஒருவர் மட்டும் பொருள் தேடிப் போகலாம். போகக்கூடிய இடங்களில் ஒன்று வயதான தம்பதியர் வசிக்கும் வீடு. அங்கே உணவும் மருந்தும் இருக்கும். அவர்களால் தடுக்க முடியாது. எடுக்க வேண்டாம் என்று கெஞ்சத்தான் முடியும். எடுத்து வந்தால் உங்கள் வீட்டில் பட்டினி தீரும். ஆனால் எடுத்தவர் மறுநாள் எழுந்து வேலை செய்யாமல் போகலாம். மனம் உடைந்தால் மூலையில் உட்கார்ந்துவிடுவார். சுவர் எவ்வளவு உயர்ந்தாலும் இந்த எதிரியைத் தடுக்காது. 2020-இல் போலந்து அரசு இந்த கேமைப் பள்ளி மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. வீடியோ கேமை அரசே பாடத்தோடு சேர்த்துப் பரிந்துரைப்பது அபூர்வமான காரியம்.

எவ்வளவு பயம் போதும்?

பயத்தை விலை கொடுத்து வாங்குவது ஏன் என்று ஆராய்பவர்களும் இருக்கிறார்கள். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பேய் வீடு ஒன்றுக்குள் போனவர்களுக்கு இதயத்துடிப்பு அளக்கும் கருவியைப் பொருத்திப் பார்த்து 2020-இல் ஆய்வு வெளியிட்டார்கள். பயம் குறைவாக இருந்தாலும் ரசிக்கவில்லை, அளவு மீறினாலும் ரசிக்கவில்லை. நடுவில் ஒரு மேடு இருக்கிறது, அங்கேதான் சந்தோஷம் என்பது அதன் சாரம். ஃபன் பிம்ப்ஸ் பத்தாண்டு பட்ட பாட்டை அந்த மேட்டை வைத்தே புரிந்துகொள்ளலாம். ஆட்டக்காரன் ஒவ்வொரு சுவராகக் கட்டி அந்த மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கிறான். அவர்கள் புதுப் புது ஜாம்பியை அனுப்பி அவனை மறுபடி மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள்.

கோல்டன் ஸ்க்ரிவ்னர் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் கொரோனா காலத்தில் நடத்திய இன்னோர் ஆய்வு, ஹாரர் ரசிகர்கள் அந்த நாட்களில் மனரீதியாகக் குறைவாகவே தடுமாறினார்கள் என்றது. ஜாம்பி, உலக அழிவுக் கதைகளின் ரசிகர்கள் நெருக்கடிக்குக் கூடுதலாகத் தயாராக இருந்ததாகவும் சொன்னது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. இதை முன்பே மோப்பம் பிடித்திருந்தது. 2011-இல் ‘ஜாம்பி வந்தால் என்ன செய்வது’ என்று அறிவுரை வெளியிட்டு, அந்தச் சாக்கில் குடிநீர், மருந்து, டார்ச், முக்கிய ஆவணங்களை எடுத்து வைக்கும்படி மக்களுக்குச் சொல்லிக் கொடுத்தது.

இதை வைத்துக்கொண்டு, கேம் ஆடினால் புயலையும் வெள்ளத்தையும் சமாளிக்கலாம் என்று கிளம்பினால் அது அதிகப்பிரசங்கித்தனம். மவுஸை அழுத்தினால் கான்கிரீட் முளைக்கும் உலகத்தில் கை காய்ப்பதில்லை. ஆய்வுகள் காட்டுவதும் ரசிகர்களுக்கும் தயார்நிலைக்கும் உள்ள தொடர்பைத்தான். எது எதற்குக் காரணம் என்பதை அல்ல. இயல்பிலேயே எதற்கும் முன்கூட்டி யோசிப்பவர்கள்தான் இந்தக் கதைகளுக்குள் போகிறார்களோ என்னவோ.

கேம் தருவது வேறொன்று. நிஜ வாழ்க்கையில் நம்மைத் துரத்தும் பயங்கள் தேதி சொல்வதில்லை. வேலை எப்போது போகும், உடம்புக்கு எப்போது வரும், மழை எந்த வருஷம் பொய்க்கும் என்று யாரும் திரையில் சிவப்பு எண் காட்டுவதில்லை. பட்ட பாட்டுக்குப் பலன் வருமா என்பதும் உறுதியில்லை. கேமில் எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. இத்தனை கல் உடைத்தால் இத்தனை சுவர், இத்தனை சுவருக்கு இத்தனை நேரம் உயிர். செய்த வேலை வீண்போகவில்லை என்பது வாரம் தவறாமல் இரவு 10 மணிக்கு நிரூபணமாகிறது. ஜாம்பியை விட இந்த நியாயமான கூலிதான் பெரிய கற்பனை. ஆட்டக்காரர்கள் திரும்பத் திரும்ப வருவதும் அதற்காகத்தான் என்று தோன்றுகிறது.

அதனால்தான் அசைக்க முடியாத எஃகுக் கோட்டை கட்டி முடித்தவர்கள் அதில் குடியிருப்பதில்லை. ஜாம்பிகள் வந்து மோதி, செத்து விழுவதைச் சில வாரம் பார்ப்பார்கள். பிறகு ஒருநாள் அந்த உலகத்தையே அழித்துவிட்டு, புதிய உலகத்தில் முதல் நாள் காலை புல் பறிக்கப் போய்விடுவார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது பாதுகாப்பு அல்ல, செய்து முடிக்கக்கூடிய ஒரு வேலை.

புதிதாக ஆடத் தொடங்குபவர்களுக்கு…

எதில் தொடங்கலாம்: சுமாரான கம்ப்யூட்டர் என்றால் ‘ப்ராஜெக்ட் ஜாம்பாய்ட்’ போதும். மொபைலில்தான் ஆட முடியும் என்றால் ‘திஸ் வார் ஆஃப் மைன்’ கிடைக்கிறது. ‘செவன் டேஸ் டு டை’க்கு ஓரளவு வலுவான கிராஃபிக்ஸ் கார்டு தேவை. நண்பர்களோடு சேர்ந்து ஆட இதுவே பொருத்தம்.

முதல் ஏழு நாள்: ‘செவன் டேஸ் டு டை’யில் முதல் வாரமே சொந்தக் கோட்டை கட்ட ஆசைப்பட வேண்டாம். பாழடைந்த உறுதியான கட்டடம் ஒன்றைப் பிடித்து, ஒரு வழியை மட்டும் விட்டு மற்றதை அடையுங்கள். ஆணி, பலகை, பழுதுபார்க்கும் பொருள் கையில் இருக்கட்டும்.

அமைப்புகள்: கூட்டம் எத்தனை நாளுக்கு ஒருமுறை வர வேண்டும், எத்தனை பேர் வர வேண்டும் என்பதை மாற்றலாம், வேண்டாம் என்றே நிறுத்தலாம். நன்றாகத் தேறியவர்கள் நாளை முன்பின்னாக மாறும்படி வைத்து, சிவப்பு எண் எச்சரிக்கையையும் அணைத்துவிட்டு ஆடிப் பார்க்கலாம். போன பயம் திரும்பி வரும்.

பெற்றோருக்கு: மூன்றுமே பெரியவர்களுக்கான கேம்கள். ஜாம்பி கேம்கள் இரண்டிலும் ரத்தம் அதிகம். ‘திஸ் வார் ஆஃப் மைன்’ கேமில் ரத்தம் குறைவு என்றாலும் மனதை அதிகம் பாதிப்பது அதுதான். போலந்தில் பள்ளிக்குப் போனது என்பதற்காகச் சிறுவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டாம். அங்கேயும் அது வளர்ந்த மாணவர்களுக்குத்தான்.